ஐந்தாவது கொட்டகை

512ஆம் இலக்க ட்ராமில் செயின்ட் கிளேர் வீதியால் வந்து இறங்கினால் சிறு நடைதான். ஐந்து நீளச் செங்கல் கொட்டகைகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். ரொறன்ரோவின் விச்வுட் பார்ன்ஸ். சனிக்கிழமை காலையில் உழவர் சந்தை. பீட்ரூட்டை இலையும் மண்ணுமாக வாங்கலாம்.

ஒரு காலத்தில் இங்கே ட்ராம் வண்டிகள் நின்றன. நகரத்தோடு புதிதாகச் சேர்ந்த பகுதிகளுக்குத் தண்டவாளம் போட அன்றைய தனியார் கம்பனி மறுத்துவிட்டது. நகரசபையே 1913இல் சேவை தொடங்கி முதல் கொட்டகையைக் கட்டியது. 1921க்குள் ஐந்தாயின. 1978இல் சேவை வண்டிகள் போய்விட்டன. கட்டடங்கள் பாழாகத் தொடங்கின.

இடித்துவிட்டு முழுவதையும் புல்வெளியாக்கக் கேட்டார்கள் அயலவரில் ஒரு சாரார். பூங்காவோடு கொட்டகையும் இருக்கட்டும் என்றார்கள் மற்றவர்கள். வாதம் வருடக்கணக்கில் நீண்டது. அந்த வாதத்தைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். ஒரு பாழ்க் கட்டடத்துக்காக அயல் முழுக்க வாய் திறந்திருக்கிறது. 2008இல் திறந்தபோது கலைஞர்களுக்கு 26 வீடுகள், சந்தைக்கு இடம், பசுமைக்குடில், சிறு அமைப்புகளுக்கு அலுவலகங்கள் என்று நான்கு கொட்டகைகளுக்கும் வேலை கிடைத்திருந்தது.

ஐந்தாவதற்குக் கூரை இல்லை. சுவர்களை மட்டும் வானத்துக்குக் கீழே விட்டிருக்கிறார்கள். முதல் தடவை அதற்குள் கால் வைக்க எனக்கு மனம் வரவில்லை. கூரையில்லாத சுவர் என்றால் 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வுக்குப் பிறகு திரும்பிப் போய்ப் பார்த்த எங்கள் ஒழுங்கைதான் எனக்கு: ஓடு பறந்த வீடுகள், குசினிக்குள் முளைத்த ஆலங்கன்று.

வாசலிலேயே நின்று பார்த்தேன். ஒரு சிறுமி நிலத்தில் சோக்கட்டியால் நீளமாய் ஒரு ரயில் கீறிக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மம்மாவாக இருக்கவேண்டும், செங்கல் சுவரில் முதுகைச் சாய்த்து வெயில் காய்ந்துகொண்டிருந்தார். சுவர் காற்றை மறித்தது. வெயிலில் சூடேறிய கல் அவருடைய முதுகுக்கு இதமாக இருந்திருக்கும். பிறகு நானும் உள்ளே போய் இருந்தேன்.

இப்போது ஊரில் எங்கள் ஆட்கள் பழைய நாற்சார் வீடுகளை இடித்து மாடி எழுப்புகிறார்கள். அனேகமாக நாங்கள் அனுப்பும் காசில். பூட்டிக் கிடக்கும் வீட்டை இடிக்க அடுத்த முறை காசு அனுப்பமுதல், ஒழுங்கையில் இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பாலர் வகுப்புக்கோ வாசிகசாலைக்கோ தையல் பழக வரும் பிள்ளைகளுக்கோ அந்த முற்றம் தேவைப்படலாம்.