ஒரு சபைக்கு மட்டும் வேலி

1989-ஆம் ஆண்டு சனவரி 14-ஆம் நாள் இங்கிலாந்தின் பிராட்போர்டு நகரில் ஒரு புதினம் பொதுவிடத்தில் எரிக்கப்பட்டது. சல்மான் ருஷ்டி எழுதிய ‘தி சாத்தானிக் வெர்சஸ்’ அது. சரியாக ஒரு மாதம் சென்று ஈரானின் தலைவர் கொமேனி ஆசிரியரைக் கொல்லும்படி ஆணையிட்டார். இவ்விரண்டையும் உலகம் மறக்கவில்லை. ஆனால் அந்நாட்டு இஸ்லாமியருள் சிலர் நெருப்பையும் வாளையும் நாடாமல் நீதிமன்றத்தை நாடினார்கள் என்பதை நினைப்பார் அரியர். அதைப் பற்றியே நாம் எழுத விரும்புகிறோம்.

அவர்கள் நேற்று வந்த அந்நியர் அல்லர். 1985-இலேயே பிராட்போர்டு, முகமது அஜீப் என்பவரை நகரத் தலைவராகக் கண்டிருந்தது. நாட்டின் குடிகள் நாட்டின் சட்டத்தைக் காட்டிக் கேட்டார்கள். தேவதூஷணம் அன்று இங்கிலாந்தில் குற்றம். 1921-இல் ஜான் காட் என்பவருக்கு அதற்காக ஒன்பது மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. 1977-இல் நம் ஆண்டவரைப் பற்றிய தகாத கவிதை ஒன்றை வெளியிட்ட இதழாசிரியர் தண்டிக்கப்பட்டார். அவ்வாறாயின் எங்கள் நபியைப் பழித்தவருக்கும் அச்சட்டம் பொருந்தாதா என்பதே அவர்கள் கேள்வி. கிறிஸ்தவத்தை மட்டுமே அது காக்கும் என்று 1990-இல் நீதிமன்றம் விடை கூறிற்று.

கிறிஸ்தவம் என்றதும் கத்தோலிக்கரும் அதனுள் அடக்கம் என்று நம் வாசகர் எண்ணலாம். அன்று! 1838-இல் யார்க் நகரில் ஒரு வழக்கு. ஆங்கிலிக்கன் குரு ஒருவர் கத்தோலிக்கக் கன்னியர் மடமொன்றை இழித்து எழுதியிருந்தார். கன்னியரின் பெயரைக் கெடுப்பது வேறு, அவர்தம் மறையைத் தாக்குவது வேறு என்றார் நீதிபதி ஆல்டர்சன். யூத மறையையோ இஸ்லாத்தையோ வேறு கிறிஸ்தவ சபைகளையோ ஒருவர் தாக்கலாம். அரசு நிறுவிய சபையைத் தாக்குவதே குற்றம் என்பது அவர் விளக்கம். வேலிக்கு வெளியே இஸ்லாமியரோடு நாமும் நின்றோம்.

வேலியை எல்லோருக்கும் விரிப்பதா, அடியோடு பிடுங்குவதா? 2006-இல் சமயப் பகை மூட்டுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. அதை மேலும் கடுமையாக்க அரசு முயன்றபோது ஒரே ஒரு வாக்கில் தோற்றது. பிரதமர் பிளேயர் அந்த வாக்கெடுப்புக்கு இல்லாமல் முன்னரே போய்விட்டாராம்! 2008-இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் தேவதூஷணச் சட்டமே நீக்கப்பட்டது. ஆங்கிலிக்கன் பேராயர்கள் காலம் உகந்ததா என்று ஐயுற்றனரேயன்றி எதிர்த்து நிற்கவில்லை.

நீக்கியது சரியே என்பது நம் கருத்து. சிலுவையில் ஏளனத்தைப் பொறுத்தவருக்குக் காவல்துறையின் துணை எதற்கு? ஆயினும் அதனால் புண்பட்டவரின் புண் ஆறிவிட்டதென்று சொல்ல நாம் துணியோம். தாயை ஏசக் கேட்ட மகனின் துயரம் அது. சட்டத்தில் இடமில்லை என்பதால் அது பொய்யாகிவிடாது. ஆனால் துயரம் கொலைமிரட்டலாக மாறும் இடத்தில் நாம் அவர்களோடு ஓரடியும் நடக்க இயலாது. 2022 ஆகஸ்டில் அமெரிக்காவில் மேடையேறிய ருஷ்டி கத்தியால் குத்தப்பட்டு ஒரு கண்ணின் பார்வையை இழந்தார்.

2021-இல் பிராட்போர்டுக்கு அருகிலுள்ள பேட்லியில் ஓர் ஆசிரியர் வகுப்பில் நபியின் கேலிச்சித்திரம் ஒன்றைக் காட்டினார். பள்ளி வாயிலில் மக்கள் கூடி எதிர்ப்புத் தெரிவித்தனர். புண்படுத்தும் நோக்கம் அவருக்கு இல்லை என்று விசாரணை கண்டது. ஆயினும் அவர் குடும்பத்தோடு தலைமறைவாக வாழ நேரிட்டது.