பிடரியில் விழுந்த முடிச்சு

நூலில் விழுந்த முடிச்சை நகத்தால் அவிழ்க்கலாம். தசையில் விழுந்ததாகச் சொல்லப்படும் முடிச்சோ அவ்வாறு அவிழ்வதன்று. அங்கே எந்த இழையும் பின்னிக்கொள்வதில்லை. தசையின் நுண்ணிழைகள் ஒன்றினுள் ஒன்று வழுக்கிச் சுருங்குதலும், பின்னர் விலகி நெகிழ்தலும் இயற்கை. சுருங்குதற்கேயன்றி நெகிழ்தற்கும் ஆற்றல் வேண்டும் என்று வகுப்பிற் கேட்டபோது யான் வியப்புற்றேன். ஓரிடத்துத் தசை நெடுநேரம் இறுகியே இருப்பின் குருதியோட்டம் குன்றும். அது குன்றவே ஆற்றல் குன்றும். ஆற்றல் குன்றவே இறுக்கம் விடாது. இவ்வட்டமே முடிச்சுக்குக் காரணம் என்பர் ஒரு சாரார். இது முற்றும் நிறுவப்பட்ட கொள்கையன்று, மறுப்போரும் உளர். எனினும், விரலுக்குப் பட்டாணி போல் தட்டுப்படும் இடத்தில் நொந்தவர் அந்நோவைப் பொய்யென்னார்.

என் அன்னையார் பீடி சுற்றுபவர். மடியில் சுளகை வைத்துத் தலை கவிழ்ந்தால் பொழுது சாயுமளவும் கழுத்து நிமிராது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பது கூலி. ஆதலின் நிமிரும் நேரமெல்லாம் நட்டம். அவருக்கு வலப்பக்க நெற்றிப்பொட்டில் ஓயாத வலி. கண்ணாடி மாற்றினோம், மாத்திரை மாற்றினோம், தீரவில்லை. நாளுக்கு நாள் எண்ணிக்கை குறைந்தது. என் கலாசாலைக் கட்டணம் அவ்வெண்ணிக்கையிலிருந்தே வரவேண்டும்.

இறுதியில் ஓர் இயன்முறை மருத்துவ அம்மையார் நெற்றியைத் தொடவேயில்லை. கழுத்துக்கும் தோளுக்கும் இடைப்பட்ட சதையை இரு விரலாற் பற்றி அழுத்தினார். “ஐயோ, இந்த வலிதான் அம்மா!” என்று அன்னையார் நெற்றிப்பொட்டைத் தொட்டுக் காட்டினார்.

வலி ஓரிடம், வேர் வேறிடம். 1938-ஆம் ஆண்டிலேயே கெல்கிரன் என்னும் ஆங்கில மருத்துவர் தசைகளில் உப்புக் கரைசலை ஊசியாற் செலுத்தி, வலி தொலைவிலும் தோன்றுவதைக் கண்டெழுதினார். அமெரிக்க அதிபர் கென்னடிக்கு 1961-இல் மருத்துவராக அமைந்த ஜேனட் டிராவெல் அம்மையார், டேவிட் சைமன்சுடன் 1983-இல் வெளியிட்ட நூலில், எத்தசை முடிச்சு எங்கே வலிக்கும் என்பதைப் படங்களுடன் விளக்கினார்.

எங்களுக்குச் சொல்லப்பட்ட முறை எளிது. வெந்நீரில் பிழிந்த துணியால் ஒத்தடம். பின் தாங்கத்தக்க அளவே அரை நிமிடம் அழுத்தி விடுதல். பிறகு தலையை எதிர்ப்பக்கம் மெல்லச் சாய்த்தல். இரட்டையராய்ப் பிறந்தோர் கைபட்டால் சுளுக்கு விடும் என்பர் எங்கள் தெருவில். அச்சுகம் பிறப்பினால் அன்று, தடவுதலால் வருவது என்பது என் எண்ணம். முரட்டுத்தனமாய்க் கசக்கினால் சதை கன்றும். கை மரத்தல், வலுக் குன்றல், மார்பு நோவோடு கூடிய தோள்வலி ஆகியன முடிச்சின் கணக்கில் எழுதத்தக்கன அல்ல. உடனே மருத்துவரிடம் செல்க. கைப்பேசிமேல் கவிழ்ந்திருக்கும் நண்பர்காள், உமக்கும் இது பொருந்தும்.

அரைமணிக்கொருமுறை எழுந்து நடக்கச் சொன்னார் அவ்வம்மையார். “எழுந்தால் பத்துப் பீடி போகுமே, அம்மா” என்றார் அன்னையார். ஓய்வு என்னும் மருந்து எல்லார்க்கும் ஒரே விலையில் கிட்டுவதில்லை. ஆகவே சுளகின்கீழ் ஒரு பலகையை வைத்து உயர்த்தினோம். முதுகைச் சுவரிற் சாய்த்து அமரச் செய்தோம். ஒரு கட்டு முடிந்ததும் கைகளைத் தொங்கவிட்டுத் தோளைப் பின்புறம் சுழற்றுவார். வலி அறவே நீங்கிற்று என்று சொல்லேன். வாரத்தில் ஓரிரு நாள் வருகின்றது. அந்நாட்களில் என் தங்கை பெருவிரலால் அழுத்துவாள். எண்ணிக்கை பழைய அளவை ஏறத்தாழ எட்டியுள்ளது.