சன்னலுக்கு உள்ளே

2020-ஆம் ஆண்டு ஊரடங்கு நாள்களில் ஒரு மாலைப்பொழுது. எங்கள் தெருவில் வாடகைக்குக் குடியிருந்த செவிலியர் ஒருவர் பணி முடிந்து வந்துகொண்டிருந்தார். அவரைக் கண்டதும் நாங்கள் சன்னலைச் சாத்தினோம். சில நாள்களில் அவர் வீட்டைக் காலி செய்துவிட்டுச் சென்றார். போகச் சொன்னவர் வீட்டு உரிமையாளர். வாய் திறவாது இருந்தவர்கள் நாங்கள். அன்றைய மாலையும் எங்கள் இல்லத்தில் குடும்பச் செபமாலை தவறவில்லை.

இத்தாலியின் மிலான் நகர வரலாற்றைப் படிக்குந்தோறும் அந்தச் சன்னல் எங்கள் நினைவுக்கு வருகிறது.

1576-இல் அந்நகரைப் பிளேக் தாக்கியது. ஆளுநர் நகரைவிட்டு அகன்றார். பேராயர் சார்லஸ் பொரோமேயோ அகலவில்லை. கழுத்தில் கயிறு பூண்டு, வெறுங்காலுடன் தவப் பவனி நடத்தினார். தம் இல்லத்துத் திரைச்சீலைகளை ஏழைகளின் உடைகளாக மாற்றினார். மக்கள் வீட்டுக்குள் அடைபட்டிருக்க, தெருச்சந்திகளில் பலிபீடங்கள் எழுந்தன. சன்னல்களில் நின்றபடியே அவர்கள் திருப்பலி கண்டனர்.

1610-இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. இருபது ஆண்டுகள் கழித்து, 1630-இல், அதே நகரில் மீண்டும் பிளேக். ஜூன் மாதத்தில் மழை பெய்த ஒரு காலையில், ஒரு பெண் தன் சன்னலிலிருந்து தெருவைப் பார்த்தாள். சுகாதார அலுவலர் குலியெல்மோ பியாட்சா சுவரோரமாய் நடந்து, கையைச் சுவரில் துடைத்தார். விரலில் படிந்த மையைத் துடைத்திருக்கலாம். நோயைப் பரப்பும் நஞ்சைப் பூசுகிறார் என்ற பேச்சு தெருவெங்கும் பரவியது. சித்திரவதை தாங்காத பியாட்சா, ஜான் ஜாக்கொமோ மோரா என்ற நாவிதரின் பெயரையும் சொன்னார். இருவரும் கொடுமையாகக் கொல்லப்பட்டனர். மோராவின் வீட்டை இடித்து, அவ்விடத்தில் ‘அவமானத் தூண்’ ஒன்றை நாட்டினர். 1778-இல்தான் அது அகற்றப்பட்டது.

அக்காலத்தவர் அறியாமையால் செய்தனர் என்று நாம் கடந்துவிடலாம். பிளேக் கிருமியை யெர்சின் ஹாங்காங்கில் கண்டறிந்தது 1894-இல். அதைப் பரப்புவது எலியின் தெள்ளுப்பூச்சி என்று சிமோன் கராச்சியில் கண்டது 1898-இல். ஆயினும், இவ்வழக்கைப் பற்றி நூலெழுதிய கத்தோலிக்க எழுத்தாளர் மன்சோனி அந்தச் சாக்கை ஏற்கவில்லை. அன்றைய அறிவைக் கொண்டே நீதிபதிகள் உண்மையைக் கண்டிருக்க முடியும் என்பது அவர் துணிபு. அச்சமும் சினமும் அவர்கள் கண்ணை மறைத்தன.

எங்களுக்கோ அறியாமை என்ற சாக்கும் இல்லை. நோய்க்குக் காரணம் எதுவென்று வானொலியும் நாளிதழும் நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்தன. விலகியிருத்தல் பாவமன்று, பொரோமேயோவும் மக்களை வீட்டுக்குள் இருக்கச் சொன்னவரே. ஆனால் அவர் கதவுகளை அடைக்கச் சொல்லிவிட்டுத் தாம் தெருவில் இறங்கினார். நாங்கள் கதவோடு நெஞ்சையும் அடைத்துக்கொண்டோம். அந்தச் செவிலியரின் வாசலில் ஒரு வேளை உணவை வைத்துவிட்டு வருவதற்கு எந்த விதியும் எங்களைத் தடுக்கவில்லை.

தொழுநோயாளரைத் தொட்டுக் குணமாக்கிய ஆண்டவரின் படம், நாங்கள் சாத்திய அதே சன்னலுக்கு மேலேதான் தொங்குகிறது. இப்போது செபமாலையின் முடிவில் அந்தச் சகோதரிக்காகவும் ஒரு மன்றாட்டுச் சொல்கிறோம். சொல்லும்போது நா தடுமாறுகிறது. அவர் பெயரை நாங்கள் ஒருநாளும் கேட்டறிந்ததில்லை.