காஞ்சிபுரத்து உற்சவமும் எங்கள் பதினோரு பேரும்

திருவையாறு ஆராதனை தெரியாதவர்கள் இருக்க முடியாது. வருஷா வருஷம் புஷ்ய பகுள பஞ்சமியன்று டி.வி.யில் காட்டிவிடுகிறார்கள். காஞ்சிபுரத்திலும் ஒரு காலத்தில் தியாகராஜ உற்சவம் நாள் கணக்கில் நடந்தது, பெரிய பெரிய வித்வான்கள் வந்து பாடினார்கள் என்று சொன்னால், இந்தப் பக்கத்து ஆட்களே என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். காஞ்சிபுரம் என்றால் பட்டு, காஞ்சிபுரம் என்றால் இட்லி. அதோடு சரி.

அந்த உற்சவத்தை நடத்தியவர் காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை. சொந்தப் பெயர் சுப்பிரமணிய பிள்ளை. 1889-ல் பிறந்து 1934-ல் மறைந்தார். இளமையில் குஸ்தி, காற்றாடி என்று திரிந்தவர் என்பார்கள். ஆனால் வீட்டிலேயே சங்கீதம் இருந்தது. பெரியம்மா முறையில் காஞ்சிபுரம் தனகோடி அம்மாள் அந்நாளில் பேர் பெற்ற பாடகி. பிள்ளைவாள் பாட்டில் இறங்கிய பிறகு தாளத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று ஆயிற்று. அவருடைய கச்சேரிக்கு 'ஃபுல் பெஞ்ச்' என்றே பெயர். பிடில், மிருதங்கம் மட்டும் போதாது. கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் எல்லாம் சுற்றி உட்கார்ந்திருக்கும். ஹைகோர்ட் பாஷையைக் கச்சேரிக்குக் கொண்டுவந்தவர் யாரோ, நல்ல ரசிகர்.

அவரிடம் பாடம் கேட்கவே வீணை தனம்மாளின் பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் சென்னையிலிருந்து காஞ்சிபுரம் வந்தார்கள். சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை அவர் சிஷ்யர். நம் டி.கே. பட்டம்மாள் 1919-ல் காஞ்சிபுரத்தில் பிறந்தவர். பெயருக்கு முன்னால் நிற்கும் 'டி' பக்கத்திலிருக்கும் தாமல் கிராமம். சிறுமியாக இருந்தபோது நயினாப் பிள்ளை நடத்திய போட்டியில் பாடிப் பரிசு வாங்கினார் என்று அவருடைய வாழ்க்கைக் குறிப்புகளில் பார்க்கலாம். உள்ளூரில் ஒரு உற்சவம் நடந்தால் அங்கே உட்கார்ந்து கேட்கிற ஒரு குழந்தைக்கு என்ன ஆகும் என்பதற்கு இதற்கு மேல் ஒரு அத்தாட்சி வேண்டுமா?

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. பிள்ளைவாள் இந்த உற்சவத்தை நடத்திய காலத்தில் திருவையாற்றில் என்ன நிலைமை என்று பாருங்கள். தியாகராஜ சுவாமிகள் 1847 ஜனவரி 6-ல் சித்தியானார். காவிரிக் கரையில் சமாதி. அப்புறம் அதைக் கவனிப்பார் இல்லாமல் புதர் மண்டிப் போய், 1903-ல் உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் தேடிப் போய்ச் செப்பனிட்டார்கள். பிறகு ஆராதனை வளர்ந்தது. வளர்ந்ததும் நம் வழக்கப்படி பெரிய கட்சி, சின்ன கட்சி என்று இரண்டாக உடைந்தது. இரண்டு கட்சியும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை: பெண்கள் அங்கே பாடக் கூடாது. பெங்களூர் நாகரத்தினம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். தன் நகை, சொத்தை எல்லாம் போட்டு சமாதியைச் சுற்றியிருந்த நிலத்தை வாங்கி 1920-களில் கோயில் கட்டினார். கட்டிய கோயிலில் பாட அவருக்கு இடமில்லை என்றார்கள். அவர் பெண்களைச் சேர்த்துக்கொண்டு மூன்றாவது கட்சி ஆரம்பித்தார். 1940 வாக்கில்தான் எல்லாம் ஒன்றாயிற்று. பஞ்சரத்னக் கீர்த்தனைகள் ஐந்தையும் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பாடுகிற இப்போதைய வழக்கமும் அந்த ஒற்றுமையோடு வந்ததுதான், ஆதிகாலத்து சம்பிரதாயம் இல்லை. நாகரத்தினம்மாள் 1952-ல் காலமானார். சுவாமிகளின் சமாதியைப் பார்த்தபடி அவருடைய சமாதி இருக்கிறது.

அங்கே அந்தச் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்களில், அதே மாதிரிக் குடும்பத்தில் பிறந்த ஒருவர் காஞ்சிபுரத்தில் தானே முன் நின்று உற்சவம் நடத்தினார். அவரிடம் யாரும் வந்து 'உனக்கு என்ன பாத்தியதை' என்று கேட்டிருந்தால், அவர் தாளம் போட்டே பதில் சொல்லியிருப்பார். அவர் போன பிறகு அந்த அளவில் எடுத்துச் செய்ய ஆள் இல்லை என்று பழைய பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒரு தனி மனிதர் தலையில் நின்ற உற்சவம் அவர் தலை சாய்ந்ததும் சாய்ந்துவிட்டது.

இந்த இடத்தில் புதுச்சேரி வராமல் இருக்காது என்று இந்தப் பக்கங்களை வழக்கமாகப் படிக்கிறவர்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். அம்மா ஊர் அது; பள்ளிப் படிப்பு முழுக்க எனக்குப் பிரெஞ்சு மீடியம். எங்களுக்குப் பாட்டு வகுப்பு எடுத்த பாதிரியார் ஸ்ட்ராஸ்பூர் நகரத்துக்காரர். பிரான்சும் ஜெர்மனியும் மாற்றி மாற்றிப் பிடுங்கிக்கொண்ட ஊர். 'பாரோக்' என்ற வார்த்தையை அவர்தான் சொல்லிக் கொடுத்தார். கோணல் முத்துக்குப் போர்த்துகீசியர் வைத்த பெயராம். 1600-லிருந்து 1750 வரைக்குமான அவர்கள் சங்கீதத்துக்கு அந்தப் பெயர். ராமோ என்ற பிரெஞ்சுக்காரர் 1735-ல் இந்தியாவின் பெயரை வைத்து ஒரு இசை நாடகம் போட்டார், அதில் துருக்கி இருக்கிறது, பெரு இருக்கிறது, பாரசீகம் இருக்கிறது, அமெரிக்கா இருக்கிறது, இந்தியா மட்டும் இல்லை என்று சொல்லிச் சிரிப்பார். நம் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுத ஆரம்பித்தது அதற்கு அடுத்த வருஷம்.

அவர் பையனாக இருந்தபோது கத்தோலிக்க வீட்டுக்குத் தெரியாமல் புராட்டஸ்டண்டுகளின் சென் கியோம் கோயிலுக்குப் போய் பாக் பாட்டுகளைக் கேட்பாராம். அந்தக் கோயில் பாடகர் குழுவுக்கு ஆர்கன் வாசித்தவர்களில் ஆல்பர்ட் ஷ்வைட்சரும் ஒருவர். ஆப்பிரிக்காவில் ஆஸ்பத்திரி நடத்தி நோபல் பரிசு வாங்கிய அதே டாக்டர். பாடினவர்கள் யார் என்று நான் கேட்டேன். ரொட்டிக் கடைக்காரர், வாத்தியார், தபால்காரர் என்று பாதிரியார் சொன்னார். அந்தப் பக்கத்துக் கோயில் ஊர்களில் எல்லாம் அப்படித்தானாம். அவர் ஊர்க் கதீட்ரலுக்கு ஆர்கன் செய்தவர் அந்திரேயாஸ் சில்பர்மன். அவரிடம் தொழில் கற்ற தம்பி கோட்ஃபிரீட், ஜெர்மனியில் ஃப்ரைபெர்க் என்ற வெள்ளிச் சுரங்க ஊரின் கதீட்ரலுக்கு 1714-ல் ஒன்று செய்து வைத்தார். முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் இன்றும் வாசிக்கிறார்கள். சுற்றுப்பட்டு கிராமக் கோயில்களிலும் அவர் கைவேலை இருக்கிறது. அங்கே இசை விழா என்றால் ஊரே அந்த வாத்தியத்தைச் சுற்றி உட்காருவதுதான்.

பாக் கதை குமாஸ்தாவாகிய எனக்கு ரொம்ப நெருக்கமானது. அவர் லைப்சிக் நகரசபையின் சம்பளக்காரர். 1723-ல் வேலைக்குச் சேர்ந்தார். பள்ளிக்கூடத்துப் பையன்களை மேய்க்கிற வேலையும் அதில் சேர்த்தி. 1730 ஆகஸ்டில், பாட ஆள் போதவில்லை, வாசிக்க ஆள் போதவில்லை என்று நகரசபைக்கு நீளமாக ஒரு மனு எழுதினார். நான் எழுதிய எத்தனை மனுக்கள் கலெக்டர் ஆபீஸ் அலமாரியில் தூங்கின என்று நினைத்துக்கொள்வேன். நம் சுவாமிகளோ தஞ்சாவூர் அரண்மனை வாசலையே மிதிக்காமல் உஞ்சவிருத்தி எடுத்தார். சம்பளமே வாங்காதவர் மனு எழுத வேண்டிய அவசியம் இல்லை.

பாக் 1750-ல் இறந்தபோது கல்லறைக்கு அடையாளம்கூட வைக்கவில்லை. 1894-ல் தோண்டித் தேடி எடுத்தார்கள். இடையில் 1829-ல் மெண்டல்சன் என்ற இருபது வயதுப் பையன் பெர்லினில் பாக்கின் பெரிய பாடல் தொகுதி ஒன்றைத் திரும்பப் பாட வைத்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அந்த வருஷம் தியாகராஜர் திருவையாற்றில் உயிரோடு இருந்தார், அறுபத்தோரு வயது. இரண்டு பேருடைய சமாதியும் காணாமல் போய்த் திரும்பக் கிடைத்ததுதான். இரண்டு தடவையும் தேடினவர்கள் ராஜாக்கள் இல்லை.

சரி, உத்திரமேரூருக்கு வருகிறேன். காஞ்சிபுரத்திலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கிற எங்கள் ஊரில், ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர் ஒருவர் 1980-களில் தன் வீட்டுக் கூடத்தில் பகுள பஞ்சமியன்று பஞ்சரத்னம் பாட ஆரம்பித்தார். முதல் வருஷம் ஆறு பேர். நல்ல நாளில் நாற்பது பேர்கூட வந்ததுண்டு. செலவு முழுக்க அவர் பென்ஷனிலிருந்துதான். யாராவது பணம் கொடுத்தால் "அடுத்த வருஷம் பார்க்கலாம் சார்" என்று சிரித்தே தட்டிக் கழித்துவிடுவார். கொரோனாவில் அவர் போய்விட்டார். பிள்ளைகள் வீட்டை விற்றுவிட்டார்கள். இப்போது ஒரு பஜனை மடத்துத் திண்ணையில் நடக்கிறது. இந்த வருஷம் வந்தது பதினோரு பேர். அதில் ஐந்து கீர்த்தனையும் புத்தகம் பார்க்காமல் பாடத் தெரிந்தவர்கள் மூன்று பேர், மூன்று பேருக்கும் வயது 70-க்கு மேல். வராளி வரும்போது ஒருவருக்கு மூச்சு வாங்கியது, நாங்கள் மெதுவாக்கிக்கொண்டோம்.

இதை அடுத்த வருஷம் விட்டுவிடலாமா என்று பேச்சு வந்தபோதுதான் அந்தப் பெண் விஷயம் எழுந்தது. ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர் மகள். காஞ்சிபுரத்தில் மாவட்ட அரசு இசைப் பள்ளியில் மூன்று வருஷம் நாதஸ்வரம் படித்தவள். திண்ணைக்குக் கீழே நின்று கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள். பொங்கல் தொன்னையை வாங்கிக்கொண்டு என்னிடம், "தாத்தா, ஸ்ரீ ராகத்துல உங்க எல்லாருக்கும் ஒரு எடத்துல தாளம் முந்துது. அடுத்த வருஷம் நான் வாசிக்கட்டுமா? என்கூடப் படிச்ச ரெண்டு பேரையும் கூட்டிட்டு வரேன்" என்றாள்.

எங்களில் ஒருவருக்கு அது பிடிக்கவில்லை. நல்ல மனிதர், நாற்பது வருஷ சிநேகம். "குரு முகமா பாடம் ஆகவேண்டியது சார் அது. சர்ட்டிபிகேட் கோர்ஸ்ல கத்துக்கிட்டு வந்து ஆராதனையில உட்காரலாமா? ஹெட்மாஸ்டர் இருந்தா ஒத்துக்குவாரா?" என்றார். ஹெட்மாஸ்டர் ஒத்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். ஆனால் செத்துப்போனவரை சாட்சிக்குக் கூப்பிடுவது சரியில்லை. நாகரத்தினம்மாள் கதையைச் சொன்னேன், நயினாப் பிள்ளை கதையைச் சொன்னேன். "அவங்கள்லாம் மகான்கள்" என்றார். மகான் ஆவதற்கு முன்னால் அவர்களையும் யாரோ திண்ணைக்குக் கீழேதான் நிற்க வைத்தார்கள். அதை வாய்விட்டுச் சொன்னேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எட்டாம் நாள் பாலுக்குப் போகும்போது, "அந்தப் பொண்ணு தாளம் முந்துதுன்னு சொன்னது எந்த எடம்?" என்று கேட்டார்.

எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டு எல்லோரும் அறிந்தது. பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டியது. முப்பது குடும்பாகப் பிரித்துக் குடவோலை எடுத்து ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று ஆள் போட்டார்கள். தகுதிகளில் இரண்டு எனக்கு மனப்பாடம். வயது 35-க்கு மேல், 70-க்குள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவுக்காரர்களும் நிற்கக் கூடாது. அந்தச் சட்டப்படி எங்கள் பதினோரு பேரில் எட்டுப் பேர் தேற மாட்டோம். அந்தப் பெண்ணும் தேற மாட்டாள், அவளுக்குப் பத்தொன்பதுதான். என்ன செய்வது, இடைப்பட்ட வயதுக்காரர்கள் எல்லாம் ஒரகடம் கம்பெனிகளில் ஷிப்டில் இருக்கிறார்கள்.

ஆகையால் முடிவு இப்படி ஆகியிருக்கிறது. அடுத்த பகுள பஞ்சமிக்குக் காலையில் நாதஸ்வரத்தில் ஐந்தும், பிறகு நாங்கள் வாய்ப்பாட்டு. தவிலுக்கு ஆள் அவர்களே கூட்டி வருவார்கள். மூன்று பேருக்கும் சம்பாவனை உண்டு. சும்மா வாசிக்கச் சொல்வதற்கு நான் சம்மதிக்கவில்லை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மடத்தில் சேர்ந்து பார்ப்பது. கௌளையிலிருந்து ஆரம்பிக்கிறோம், அதுதான் எங்களுக்கு ரொம்ப மோசமாக இருக்கிறது.

இந்த வருஷம் வசூல் 8,400 ரூபாய். மைக் செட்டுக்கு 1,500, பூவும் பழமும் 1,150, பொங்கலும் காபியும் 4,900, மடத்து விளக்கு எண்ணெய்க்குக் கொடுத்தது 500. மீதி 350 தபால் ஆபீஸ் சேமிப்பில் போட்டிருக்கிறேன். நோட்டு என் வீட்டில் இருக்கிறது. பார்க்க விரும்புகிறவர்கள் பத்து மணிக்கு மேல் வரலாம்.