தொப்பியைக் கழற்றாதவர்களுக்கும் ஒரு ஆராதனை

1923 ஏப்ரலில் லண்டனில் ஒரு ராஜ கல்யாணம். பின்னாளில் ஆறாம் ஜார்ஜ் மன்னரான யார்க் கோமகன்தான் மாப்பிள்ளை. அதை வானொலியில் ஒலிபரப்ப அனுமதி கேட்டபோது வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தார் மறுத்துவிட்டார்கள். மதுக்கடையில் உட்கார்ந்து, தலையிலிருக்கும் தொப்பியைக்கூடக் கழற்றாமல் யாராவது கேட்டுவிட்டால் என்ன ஆவது என்று பயம்.

அடுத்த வருஷம் ஜனவரி 6, ஞாயிற்றுக்கிழமை. அங்கிருந்து நடந்துபோகும் தூரத்திலிருக்கும் செயின்ட் மார்ட்டின்-இன்-த-ஃபீல்ட்ஸ் ஆலயத்திலிருந்து ஒரு முழு ஆராதனை பிபிசி வழியாகப் போனது. அனுமதித்தவர் அந்த ஆலயத்தின் ஆங்கிலிக்கன் குருவானவர் டிக் ஷெப்பர்ட். ஆஸ்துமாக்காரர். பிரசங்க பீடத்துக்கென்று தனிக்குரல் வைத்துக்கொள்ளாமல் பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் பேசுவதுபோல் பேசுவார். அந்தக் குரலை வானொலி நாடெங்கும் கொண்டுபோனது.

செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலில் போய் எழும்பூரில் இறங்குகிறவர்கள் அந்த ஆலயத்தின் சாயலைப் பார்த்திருப்பார்கள். 1821இல் கட்டிமுடித்த செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க், லண்டன் ஆலயத்தை முன்மாதிரியாக வைத்துக் கட்டியது. சென்னைக்கு வானொலி வந்ததும் ஷெப்பர்ட் ஒலிபரப்பிய அதே 1924இல்தான். மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் அந்த வருஷம் ஒலிபரப்பைத் தொடங்கியது.

எனக்கு ஷெப்பர்டைப் பற்றிப் படிக்கத் தோன்றியது எங்கள் ஆயாவால். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலுக்குப் பக்கத்தில் அவள் வீடு. முட்டி போனபிறகு கோயிலுக்குப் போக முடியவில்லை. ஃபீபா வானொலி 1970 முதல் 2003 வரை செஷல்ஸ் தீவிலிருந்து சிற்றலையில் ஒலிபரப்பியது. இந்தியப் பெருங்கடலைத் தாண்டி வரும் அந்தத் தமிழ்க் குரல், நடுவில் இரைச்சலோடு, ஆயாவின் டிரான்சிஸ்டரில் கேட்கும். ஆரம்பித்ததும் முந்தானையைத் தலையில் போட்டுக்கொள்வாள். நாங்கள் பேசினால், "சத்தம் போடாதீங்கடா, ஐயரு ஜெபம் பண்றாரு" என்பாள். தொப்பிக்குப் பயந்தவர்கள் இந்த முந்தானையை யோசித்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆனால் இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. "அதான் ரேடியோல கேக்குறாங்களே" என்று சபையில் எல்லோருக்கும் நிம்மதி வந்துவிட்டது. கடைசி இரண்டு வருஷத்தில் ஆயாவைப் பார்க்க அங்கிருந்து வந்தவர்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். கடல் தாண்டி ஒரு குரல் தினமும் வந்தது. பத்து நிமிஷ நடையிலிருந்தவர்கள் வரவில்லை. அவள் இதைக் குறையாகச் சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை, ரேடியோவை அணைத்துவிட்டு, "இவரு நல்லா பேசுறாரு. நான் பேசினாத்தான் இவருக்குக் கேக்காது" என்றாள்.

ஷெப்பர்ட் இந்த இடத்தில்தான் எனக்கு முக்கியமாகிறார். ஒலிபரப்புக்குப் பல வருஷம் முன்பே அவர் ஆலயத்தின் கதவைத் திறந்து வைத்திருந்தார். முதல் உலகப் போரின்போது பக்கத்து சேரிங் கிராஸ் ரயில் நிலையத்தில் வந்திறங்கிய சிப்பாய்களும், வீடில்லாதவர்களும் ஆலயத்தின் நிலவறையில் ராத்தங்கினார்கள். வானொலியில் போன குரலுக்குப் பின்னால் அந்தத் திறந்த கதவு இருந்தது. வீட்டிலிருந்து கேட்டவர்கள் ஒருநாள் நேரில் வந்தாலும் ஏமாந்து திரும்பியிருக்க மாட்டார்கள்.

புகழ் கூடியபின் அவர் பாதுகாப்பான பேச்சோடு நின்றுவிடவில்லை. 1934இல் போரை மறுப்பவர்கள் தனக்கு ஒரு அஞ்சலட்டை போடும்படி பத்திரிகைகள் வழியே கேட்டார். பல்லாயிரம் அட்டைகள் வந்தன. அதிலிருந்து அமைதி உறுதிமொழிச் சங்கம் பிறந்தது. 1937 அக்டோபரில் கிளாஸ்கோ பல்கலைக்கழக மாணவர்கள் சர்ச்சிலைத் தோற்கடித்து அவரை ரெக்டராகத் தேர்ந்தெடுத்தார்கள். அதே மாதம் 31ஆம் தேதி இறந்துபோனார். இரண்டே வருஷத்தில் போர் வந்துவிட்டது.

இன்று எங்கள் பக்கத்தில் சின்ன சபைகூட ஞாயிறு ஆராதனையை யூடியூபில் நேரலை போடுகிறது. படுக்கையிலிருக்கும் யாரோ ஒரு ஆயாவுக்கு அது பெரிய ஆறுதல், வேண்டும். நேரலை முடிந்த மத்தியானம் அவள் வீட்டுக்கு யாராவது ஒருவர் போய், உட்கார்ந்து, அவள் பேசுவதைக் கேட்டுவிட்டு வரவும் வேண்டும்.