ஸாரி தாத்தா!

எல்லா காலேஜுலயும் 'இண்டஸ்ட்ரியல் விசிட்'னு ஒண்ணு உண்டு. அதுல இண்டஸ்ட்ரியும் இருக்காது, விசிட்டும் இருக்காது. பஸ், பாட்டு, ஊர்சுத்தல்... அவ்வளவுதான்! பி.எஸ்ஸி. விலங்கியல் மூணாவது வருஷம் படிக்கிற எங்களுக்கு இந்த முறை பெங்களூரு. மொத்தம் ரெண்டு நாள். அதுல அரை நாள் நிம்ஹான்ஸ், மீதியெல்லாம் லால்பாக், கமர்ஷியல் ஸ்ட்ரீட். அந்த அரை நாளையும் எப்படிக் கழட்டி விடலாம்னு பஸ்ஸுலயே மாநாடு போட்ட கோஷ்டிக்குத் தலைவர் அடியேன்தான்.

நிம்ஹான்ஸ்னா பலருக்கும் 'பைத்தியக்கார ஆஸ்பத்திரி'ங்கிற கிண்டல்தான் ஞாபகம் வரும். எங்களுக்கும் அப்படித்தான். "மச்சி, உன்னை அங்கேயே விட்டுட்டு வந்துடுவோம்"னு ஆளாளுக்கு ஜோக். உண்மையில் அது மனநலமும் நரம்பியலும் கைகோத்து நிற்கிற இடம். 1974-ல் பழைய மனநல மருத்துவமனையையும் பயிற்சி நிறுவனத்தையும் ஒண்ணாக்கி உருவாக்கினாங்க. 1994-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆச்சு. ஒரு பக்கம் நோயாளிகளுக்கு வைத்தியம், மறுபக்கம் மூளையைப் பத்தின ஆராய்ச்சி, படிப்பு.

எங்களைக் கூட்டிட்டுப் போனது அங்கே இருக்கிற மூளை அருங்காட்சியகத்துக்கு. உள்ளே நுழைஞ்சதும் கண்ணைக் கரிக்கிற ஃபார்மலின் வாசனை. சுத்திலும் கண்ணாடிப் பெட்டிகள். ஒவ்வொண்ணுலயும் ஒரு மூளை! பக்கவாதம் தாக்கினது, விபத்துல ரத்தம் கட்டினது, கட்டி வளர்ந்தது... நாடாப்புழுவோட இளம்பருவம் குடியேறி, உள்ளே சின்னச் சின்னக் குமிழா இருந்த மூளையைப் பார்த்ததும், கழுவாத கீரையை இனிமே தொட மாட்டேன்னு பக்கத்துல ஒருத்தி சத்தியமே பண்ணிட்டா. வலிப்பு வர்றதுக்கு நம்ம நாட்டுல இந்தப் புழுவும் ஒரு முக்கியமான காரணமாம்.

கையுறை மாட்டிவிட்டு, நிஜ மூளை ஒண்ணைக் கையில கொடுத்தாங்க. ஒண்ணேகால், ஒண்ணரை கிலோ இருக்கும். ஃபார்மலின்ல ஊறினதால கெட்டியா, சில்லுனு இருந்துச்சு. உயிரோட இருக்கும்போது கெட்டித் தயிர் மாதிரி கொழகொழன்னு இருக்குமாம். உடம்பு எடையில 2 சதவிகிதம்தான், ஆனா உடம்போட சக்தியில 20 சதவிகிதத்தை இதுவே தின்னுடுமாம். கையில வெச்சிருந்த ரெண்டு நிமிஷமும் ஒருத்தரும் ஜோக் அடிக்கலை. யாரோ ஒருத்தர் முதல் காதல்ல இருந்து கடைசிக் கடன் வரைக்கும் இதுக்குள்ளேதானே வெச்சிருந்திருப்பார்!

அடுத்துதான் எனக்கு விழுந்தது அடி.

நடு மூளையைக் குறுக்கே வெட்டின ரெண்டு துண்டுகள். முதல் துண்டுல ரெண்டு பக்கமும் மை தீட்டின மாதிரி ஒரு கறுப்புக் கோடு. ரெண்டாவதுல அந்தக் கோடு வெளுத்துப் போயிருந்துச்சு. விளக்கம் சொன்னவர் சொன்னார்: "இந்தக் கறுப்பு நிறம் உள்ள செல்கள்தான் டோபமின் சுரக்குது. அது செத்துப்போனா நிறமும் போயிடும். இது பார்கின்சன் நோயாளியோட மூளை. சும்மா இருக்கிறப்போ கை நடுங்கும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுற மாதிரி உரசிட்டே இருக்கும். நடை மெதுவாகும், முகத்துல சிரிப்பு குறையும், கையெழுத்து சின்னதாகிட்டே போகும்."

எனக்குக் கால் நகரலை. அவர் என் தாத்தாவைச் சொல்லிட்டிருந்தார்.

அம்மாவோட அப்பா. ஆத்தூர்ல நாற்பது வருஷம் தையல் கடை. ஊசியில நூல் கோக்கிறதுக்கு முன்னாடி, நுனியை நாக்குல நனைச்சு, ரெண்டு விரலால உருட்டுவார். ஒரு கட்டத்துல நூல் இல்லாமலே அந்த விரல்கள் உருட்ட ஆரம்பிச்சது. பட்டன் ஓட்டை கோணல் ஆச்சு. "பெரியவர் தண்ணி போட ஆரம்பிச்சுட்டாரு"னு கஸ்டமர்ஸ் பேசினாங்க. தீபாவளித் துணியெல்லாம் எதிர்க்கடைக்குப் போச்சு. நரம்புத் தளர்ச்சின்னு சொல்லி ரெண்டு வருஷம் டானிக் குடிச்சார். அப்புறம் ஒரு டாக்டர்தான் பார்த்த உடனே நோயோட பேரைச் சொன்னார். மாத்திரையில நடுக்கம் கொஞ்சம் அடங்குச்சு. ஆனா, கடையைப் பூட்டியாச்சு.

இதுல நான் என்ன பண்ணினேன் தெரியுமா? எட்டாவது படிக்கிறப்போ ஒரு பொங்கலுக்கு, மாமா பசங்க முன்னாடி தாத்தா மாதிரி கையை உதறி, காலைத் தேய்ச்சு நடந்து காட்டினேன். செம சிரிப்பு! திரும்பிப் பார்த்தா, வாசல்ல தாத்தா. திட்டலை. முகமும் மாறலை. அவருக்குக் கோபமே வரலைனுதான் அன்னிக்கு நினைச்சேன். முகம் மாறாததும் அந்த நோயாலதான்னு எனக்கு அப்போ தெரியாது. நடுங்குற கையை மட்டும் துண்டுக்குள்ளே மறைச்சுக்கிட்டு உள்ளே போயிட்டார். அதுக்கப்புறம் என் முன்னாடி அந்தக் கையை அவர் வெளியே எடுத்ததே இல்லை. நாலு வருஷம் முன்னாடி போய்ச் சேர்ந்துட்டார். ஸாரி சொல்ல எனக்குத் தைரியம் வர்றதுக்கு முன்னாடியே!

அதே வளாகத்துல 1995-ல் தொடங்கின மூளை வங்கியும் இருக்கு. இறந்து சில மணி நேரத்துக்குள்ள, குடும்பத்தோட சம்மதத்தோட மூளையை எடுக்கிறாங்க. ஒரு பகுதி ஃபார்மலினுக்கு, இன்னொரு பகுதி மைனஸ் 80 டிகிரி குளிருக்குப் போகுது. ஆராய்ச்சி பண்றவங்களுக்கு அதுல இருந்து சின்னச் சின்னத் துண்டுகளாக் கொடுக்கிறாங்க. "எலியை வெச்சுக் கண்டுபிடிக்க முடியாதா சார்?"னு கேட்டேன். "எலிக்குத் தானா பார்கின்சன் வராதே தம்பி. மனுஷ நோய்க்கு மனுஷ மூளை வேணும். ஒப்பிட்டுப் பார்க்க நோய் இல்லாத மூளையும் வேணும்"னார். 1817-லயே ஜேம்ஸ் பார்கின்சன்ங்கிற லண்டன் டாக்டர் இந்த நோயைப் பத்தி எழுதிட்டார். நடுக்கத்தைக் குறைக்க மாத்திரை இருக்கு. ஆனா, செல்கள் சாகிறதை நிறுத்துற மருந்து இன்னிக்கு வரைக்கும் இல்லை. நம்ம ஊர்லயும் வேலை நடக்குது பாஸ்! ஐ.ஐ.டி. மெட்ராஸ்ல 2022-ல் தொடங்கின சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருவுல இருக்கிற குழந்தையோட மூளையை 5,132 சீவல்களாப் படம் பிடிச்சு, 'தரணி'ங்கிற பேர்ல 2024 டிசம்பர்ல உலகத்துக்கே இலவசமாக் கொடுத்துச்சு. அதுக்கும் யாரோ ஒரு குடும்பம், அழுகைக்கு நடுவுல 'சரி'னு சொல்லியிருக்கணும் இல்லையா?

அன்னிக்கு சாயங்காலம் கமர்ஷியல் ஸ்ட்ரீட்ல எல்லாரும் பேரம் பேசிட்டிருக்க, நான் ஓரமா நின்னு அம்மாவுக்கு போன் போட்டேன். "அம்மா, தாத்தாவோட அளவு நோட்டு இருக்கா?" பரண்ல இருக்குன்னாங்க. ஊருக்கு வந்ததும் எடுத்துப் பார்த்தேன். முதல் பக்கங்கள்ல இடுப்பு, கை நீளம் எல்லாம் கொட்டை கொட்டையா. போகப்போக எழுத்து சின்னதாகி, கடைசிப் பக்கத்துல எறும்பு சைஸ். ஆரம்பத்துலயே அந்த நோட்டே சொல்லியிருக்கு. படிக்கத்தான் யாருக்கும் தெரியலை!

அம்மாகிட்டே மெதுவா ஆரம்பிச்சேன். "நான் செத்தா என் மூளையைக் கொடுத்துடணும்மா. எழுதி வைக்கப் போறேன். ஆனா, நான் எழுதினா மட்டும் போதாது. அந்த நேரத்துல நீங்கதான் சரின்னு சொல்லணும்."

அம்மா கரண்டியைக் கீழே வெச்சாங்க. "வாயைக் கழுவுடா. அடுத்த ஜென்மத்துல மூளை இல்லாமப் பொறப்பே!"

"இப்பவே இல்லைனு நீங்கதானே தினமும் சொல்றீங்க?"

சிரிக்கலை. ரெண்டு நாள் சரியாப் பேசலை. மூணாவது நாள் ராத்திரி, அந்த அளவு நோட்டை மடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. கடைசிப் பக்கத்து எழுத்தை விரலால தடவிக்கிட்டே, என்னைப் பார்க்காமலே கேட்டாங்க:

"ஏன்டா... எடுத்துட்டு, முகம் கெடாமத் தருவாங்களா?"

"தெரியாதும்மா... தச்சுத்தான் தருவாங்க. முகம் மாறாதுனு சொன்னாங்க."

"தையல் ஒழுங்காப் போடுவாங்களா?"

தையல்காரர் பொண்ணு இல்லையா!