வெள்ளை, சிவப்பு, மறுபடி வெள்ளை

அக்டோபர் 4, சனி. முனிச்.

பி.எம்.டபிள்யூ அருங்காட்சியகத்தில் 507 ரோட்ஸ்டரை இன்றுதான் கிட்ட நின்று பார்த்தேன். முன்சக்கரத்துக்குப் பின்னால் பக்கவாட்டில் ஒரு காற்றுத் திறப்பு. அதற்குள் குரோம் பட்டைகள், நடுவே கம்பெனியின் வட்டச் சின்னம். இந்தக் கம்பெனியின் கார்களில் அந்நாளில் நெட்டுக்குத்தலாக இருந்த முன் கிரில்லை, வடிவமைத்த ஆல்பிரெக்ட் ஃபான் கெர்ட்ஸ் அகலவாக்கில் இழுத்துவிட்டிருக்கிறார். மூக்கு தாழ்ந்து, நின்ற இடத்திலேயே வண்டி பாயத் தயாராக இருப்பதுபோல் தெரிகிறது. உடல் முழுக்க அலுமினியம். தகடுகளைக் கையால் தட்டித் தட்டியே உருவாக்கினார்கள். அதனால் ஒரு 507-இன் மேற்கூரை இன்னொரு 507-க்கு அப்படியே பொருந்தாது.

இந்தக் காரைச் செய்யச் சொன்னவர் நியூயார்க் இறக்குமதியாளர் மேக்ஸ் ஹாஃப்மன். 5,000 டாலருக்குத் தந்தால் அமெரிக்காவில் அள்ளிக்கொண்டு போகும் என்று கணக்குப் போட்டார். 1955-இல் அங்கேயே வால்டார்ஃப்-அஸ்டோரியா ஹோட்டலில் காட்டினார்கள், கூட்டம் சொக்கிப்போனது. ஆனால் கைவேலை விலையை ஏற்றிக்கொண்டே போய், கடைசியில் ஏறக்குறைய இரண்டு மடங்காக்கிவிட்டது. 1959 வரை செய்தவை 250 சொச்சம்தான். விற்ற காரிலும் நஷ்டம். அந்த ஆண்டு டிசம்பரில் கம்பெனியை டைம்லர்-பென்ஸுக்கே விற்கும் தீர்மானம் பங்குதாரர் கூட்டத்துக்கு வந்தது. சிறு பங்குதாரர்களும் டீலர்களும் எதிர்த்து நின்றார்கள், பிறகு தொழிலதிபர் ஹெர்பர்ட் குவாண்ட் பணம் போட்டுக் காப்பாற்றினார். நஷ்டத்துக்கு 507 மட்டுமே காரணமில்லை என்றாலும் அதன் பங்கு சின்னதில்லை. இவ்வளவு அழகான ஒன்றைச் செய்ததற்கு ஒரு கம்பெனி இப்படி விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பது எனக்கு வருத்தம்தான்.

அக்டோபர் 11, சனி. பாட் நௌஹைம்.

நான் தேடி வந்தது ஒரே ஒரு 507-ஐ. சேஸிஸ் நம்பர் 70079. 1957 செப்டம்பரில் வெள்ளை நிறத்தில் வெளிவந்தது. அந்த ஆண்டு ஃபிராங்பர்ட் கண்காட்சியில் நின்றது. பிறகு பந்தய வீரர் ஹான்ஸ் ஸ்டுக் அதை மலையேற்றப் பந்தயங்களில் ஓட்டி வென்றார். 1958 டிசம்பரில் அது ஃபிராங்பர்ட் டீலர் ஒருவரிடம் இருந்தபோது, பக்கத்து ஃபிரீட்பெர்க் முகாமில் ராணுவச் சேவையில் இருந்த ஓர் அமெரிக்கச் சிப்பாய் வந்து ஓட்டிப் பார்த்து வாங்கிக்கொண்டார். அவர் எல்விஸ் பிரெஸ்லி.

காலையில் ஃபிரீட்பெர்க்கில் இறங்கிச் சாலையைக் கடக்க நின்றேன். நடப்பவர்களுக்கான சிக்னலில் சிவப்பு எரிந்தால் மைக் முன் நிற்கும் எல்விஸ், பச்சை எரிந்தால் இடுப்பை வளைத்து ஆடும் எல்விஸ். ஊர் அவரை மறக்கவில்லை. அவர் குடியிருந்தது இங்கே, பாட் நௌஹைமில், கோத்தே தெரு 14-ஆம் எண் வீட்டில். மாலை ஏழரை முதல் எட்டு வரை ஆட்டோகிராஃப் என்று வாசலில் அறிவிப்பே தொங்கியதாம். அமைதியான, மரங்கள் நிறைந்த தெரு. அந்த வெள்ளைக் கார் வெளியே நின்றபோது ரசிகைகள் உதட்டுச் சாயத்தால் அதன் மேல் காதல் சேதிகளை எழுதிவிட்டுப் போனார்கள். துடைத்து மாளவில்லை. எல்விஸ் காருக்குச் சிவப்பு பெயின்ட் அடிக்கச் சொல்லிவிட்டார். சிவப்பில் சிவப்புத் தெரியாதல்லவா!

அக்டோபர் 12, ஞாயிறு. ரயிலில்.

1960 மார்ச்சில் எல்விஸ் ஊர் திரும்பினார். காரும் கைமாறி அட்லாண்டிக்கைக் கடந்தது. அலபாமா மாநிலம் பர்மிங்காமின் வானொலி அறிவிப்பாளர் டாமி சார்ல்ஸ் அதை 4,500 டாலருக்கு வாங்கினார். பந்தயம் ஓட்டுவதற்காக அந்த அலுமினிய வி8 இன்ஜினைக் கழற்றி ஷெவ்ரலே இன்ஜினைப் பொருத்தினார். அதற்கு இடம் போதாமல் முன் சட்டத்தையும் வெட்டினார். கியர் பாக்ஸும் பின் ஆக்சிலும் போயின. படிக்கும்போது வயிற்றைப் பிசைகிறது. ஆனால் அன்று அது வெறும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். அதை யாரும் பொக்கிஷமாக நினைக்கவில்லை.

பல கை மாறி 1968-இல் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த விண்வெளிப் பொறியாளர் ஜாக் காஸ்டரிடம் வந்தது. கொஞ்ச நாள் ஓட்டினார். பிறகு என்றாவது சீராக்கலாம் என்று பூசணிக்காய்க் கிடங்கு ஒன்றில் நிறுத்திவைத்தார். அந்த ‘என்றாவது’ பல பத்தாண்டுகளாக நீண்டது. ஆனால் சும்மா இருக்கவில்லை. உதிரிபாகம் எங்கே கிடைத்தாலும் சேர்த்தார், காரின் பூர்வீகத்தைத் தோண்டினார். பின்னாளில் ஜாக்கி ஜூரே என்ற பத்திரிகையாளரின் உதவியோடு, எல்விஸின் கார் இதுதான் என்று சேஸிஸ் நம்பரை வைத்து உறுதியானது.

அக்டோபர் 18, சனி. முனிச்.

2014-இல் காஸ்டர் காரை முனிச்சுக்கு அனுப்பினார். முதலில் எந்த நிலையில் வந்ததோ அப்படியே துருவும் தூசியுமாக மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். அது எனக்கு மிகவும் பிடித்த முடிவு. அதற்குப் பிறகுதான் பி.எம்.டபிள்யூ கிளாசிக் பட்டறையில் வேலை தொடங்கியது.

அசல் இன்ஜின் இல்லை. தரைத் தகடு அரித்துப் போயிருந்தது. இருக்கைகள் இற்றிருந்தன. ஆனால் மீட்டர் பலகை ஏறக்குறைய பழுதில்லாமல் தப்பியிருந்தது. உடலைச் சட்டத்திலிருந்து பிரித்து, பெயின்ட் முழுவதையும் ரசாயனத் தொட்டியில் கரைத்தார்கள். பழைய உதிரிபாகங்களைக் கொண்டு, அன்றைய அளவுகளின்படி 150 குதிரைத்திறன் இன்ஜின் ஒன்றைப் புதிதாகக் கோத்தார்கள். கதவுக் கைப்பிடியும் கண்ணாடி ஏற்றி இறக்கும் பிடியும் கிடைக்கவில்லை. மாதிரியை வைத்து முப்பரிமாண அச்சில் வார்த்துக்கொண்டார்கள். கிடைத்த அசல் பாகம் எதையும் தூக்கிப் போடாமல் முடிந்தவரை பயன்படுத்த வேண்டும் என்பது காஸ்டரின் விருப்பம். ஒருமுறை டிங்கரிங் கடையில் நின்று பார்த்தவருக்குத் தெரியும், அரித்த தகட்டை வெட்டி எறிவது எவ்வளவு சுலபம், அதையே காப்பாற்றுவது எவ்வளவு வேலை என்று.

கடைசியில் நிறம். இறகு வெள்ளை அடித்தார்கள். சிவப்பல்லவா அந்தக் காதல் சேதிகளின் சாட்சி என்று கேட்கலாம். எனக்கும் அந்தச் சிவப்பின் மேல் ஆசை உண்டு. ஆனாலும் வெள்ளைதான் சரி. அது பிறந்த நிறம். ஸ்டுக் மலையேறி வென்ற நிறம். எல்விஸ் விரும்பி வாங்கிய நிறம். சிவப்பு அவர் தெரிந்தெடுத்ததல்ல, வேறு வழியில்லாமல் பூசியது. இன்ஜின் அன்றையதல்ல என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. பழசைச் சீராக்குபவருக்கு இந்த நேர்மை கைத்திறனுக்குச் சமமாக வேண்டும். எது அசல், எது புதுசு என்று சொல்லாமல் பளபளப்பாக்கித் தருவது பார்ப்பவரை ஏமாற்றுவது.

அக்டோபர் 19, ஞாயிறு.

2016 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் பெபிள் பீச்சில் கார் மக்கள் முன் நின்றது. காஸ்டர் அங்கே இல்லை. பணி தொடங்கிய சில மாதங்களில், 2014 நவம்பரிலேயே காலமாகிவிட்டார். எல்விஸின் கார் என்றே இதை எல்லோரும் சொல்கிறார்கள். என் கணக்கில் இது காஸ்டரின் கார். அவர் அவசரப்பட்டு அரைகுறையாகச் சீராக்கியிருந்தாலோ, வெட்டிப்போட்டதை மேலும் வெட்டியிருந்தாலோ, முனிச் பட்டறைக்கு எந்தத் திறமை இருந்தும் பயன் இருந்திருக்காது.

வீட்டுக் கொட்டகையில் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எதையும் கழற்றும் முன் நாலா பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பாகம் உடைசலாக இருந்தாலும் காயலான் கடைக்குப் போடாதீர்கள். சீட்டு கட்டிப் பெட்டியில் வையுங்கள். சேஸிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் துருப்பிடித்து அழியும் முன் தாளில் எழுதி, ஆர்.சி. புத்தகத்தோடு சேர்த்து வையுங்கள்.